பிரஷர் மாத்திரை போட்டால் குமட்டுகிறதா? நிறுத்துவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

"ரெண்டு நாளா அந்த மாத்திரைய போடலப்பா. போட்டாலே வயித்தப் பொரட்டுது. இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

கொச்சியிலோ கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் உங்களுக்கு, மூணாறு எஸ்டேட் லயத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருக்கும் அம்மாவிடமிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கலாம். மருந்துச் சீட்டு எங்கே என்று கேட்டால் ஒன்று கேரள அரசு மருத்துவமனைச் சீட்டு, இன்னொன்று தேனியிலோ பொள்ளாச்சியிலோ பார்த்த டாக்டருடையது. எந்த மாத்திரை எதற்கு என்பது அம்மாவுக்குத் தெளிவாகத் தெரியாது. "வெள்ளையா, சின்னதா இருக்கும்ல, அதுதான்" என்பார்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பெரும்பாலும் அம்லோடிபினாக இருக்கும். கால்சியம் சேனல் பிளாக்கர் என்ற மருந்துக் குடும்பத்தில் அதிகம் கொடுக்கப்படுவது இதுதான். 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முதலில் சேர்ந்த மாநிலங்களில் கேரளாவும் ஒன்று. அந்தத் திட்டத்தின் சிகிச்சை முறைகளில் பெரும்பாலும் முதல் படியில் நிற்பது அம்லோடிபின் 5 மில்லிகிராம். எல்லைக்கு இந்தப் பக்கம், 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரும் நெஞ்சு வலிக்கும் இதையே கொடுப்பதால், "ஹார்ட் மாத்திரை" என்ற பெயரும் வீட்டில் ஒட்டிக்கொள்கிறது.

எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கலாம்? ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்களும் அதற்கு மருந்து எடுப்பவர்களும் சேர்ந்து கேரளப் பெண்களில் 30.9%, ஆண்களில் 32.8%. தமிழ்நாட்டில் பெண்கள் 24.8%, ஆண்கள் 30.2%. தேசிய அளவில் 21.3%, 24.0%. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்ற நிலையில் இருக்கும் மாநிலத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 5 லட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் பக்கம் அவர்கள் செறிந்து வாழ்கிறார்கள்.

100 பேரில் எத்தனை பேருக்கு?

மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் "நாசியா" என்ற சொல் கட்டாயம் இருக்கும். இணையத்தில் தேடினாலும் பக்க விளைவுப் பட்டியலில் குமட்டல் வரும். ஆனால் பட்டியல் எவ்வளவு பேருக்கு என்று சொல்வதில்லை. நாம் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அம்லோடிபினுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்த மருந்துக் குறிப்பில் இந்தக் கணக்கு இருக்கிறது. சோதனைகளில் 1,730 பேருக்கு மருந்தும், 1,250 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் குமட்டல் இருப்பதாகச் சொன்னவர்கள் 2.9%. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 1.9%.

இதை நிதானமாகப் படியுங்கள். மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கிய 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்குக் குமட்டியிருக்கிறது. மருந்து இருந்தபோது அது 3 ஆனது. அதாவது, மருந்தின் மீது நாம் பழி போடக்கூடியது 100க்கு ஒருவர். மீதி இருவருக்கு எப்படியும் குமட்டியிருக்கும்: பசி, பித்தம், தூக்கமின்மை, வேறு மாத்திரை, அல்லது "இது வயித்துக்கு ஒத்துக்காது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. கடைசிக் காரணத்தைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கெடுதல் வரும் என்று எதிர்பார்த்தால் உடம்பு உண்மையிலேயே அதை உணரும். மருத்துவத்தில் இதற்கு நோசிபோ என்று பெயர். அப்படி வருவதும் நிஜக் குமட்டல்தான், நடிப்பல்ல.

தலைவலியில் கணக்கு இன்னும் வேடிக்கை. அம்லோடிபின் எடுத்தவர்களில் 7.3%, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.8%. ஆனால் இதே தாளில் ஒரு பக்க விளைவு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மருந்தின் கைவேலை: கால் வீக்கம். 5 மில்லிகிராமில் 3%, 10 மில்லிகிராமில் 10.8%, வெற்று மாத்திரையில் 0.6% மட்டுமே. டோஸ் ஏற ஏற விளைவும் ஏறினால், அதை மருந்துதான் செய்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

குடும்பத்தின் மற்றவர்கள் எப்படி? பழைய நிஃபெடிபின் கேப்ஸ்யூலில் குமட்டலும் நெஞ்செரிச்சலும் சேர்த்து 11%, வெற்று மாத்திரையில் 8%. வெராபமிலில் குமட்டல் 2.7%தான், ஆனால் மலச்சிக்கல் 7.3%. நெஞ்சு வலிக்கான சோதனைகளில் டில்டியாசெம் 1.9%. வேறு வேறு சோதனைகளின் எண்கள் என்பதால் இவற்றை ஒன்றோடொன்று போட்டிக்கு நிறுத்தக்கூடாது. ஆனால் குமட்டல் பெரும்பாலானோருக்கு வரும் விளைவு அல்ல என்பது எல்லாவற்றிலும் தெரிகிறது.

பிரஷர் மாத்திரைக்கு வயிற்றில் என்ன வேலை?

ரத்தக்குழாயின் சுவரில் இருக்கும் தசை சுருங்க வேண்டுமென்றால், செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அது நுழையும் வாசல்தான் கால்சியம் சேனல். மாத்திரை வாசலை ஓரளவு மூடுகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. (எலும்பில் இருக்கும் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயரைக் கேட்டுப் பாலை நிறுத்துகிறவர்கள் உண்டு. வேண்டாம்.)

அதே மாதிரியான தசை உணவுக்குழாயிலும் குடலிலும் இருக்கிறது. உணவுக்குழாய் இரைப்பையைத் தொடும் இடத்தில் ஒரு வளையத் தசை வாய் கட்டிய சுருக்குப் பைபோல இறுகி நிற்கும். அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், குமட்டல் வரும். அந்த வளையம் திறக்காமல் இறுகிப்போகும் நோய்க்கு இந்தக் குடும்பத்தின் நிஃபெடிபினையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. குடல் அசைவு மந்தமானால் மலச்சிக்கல் வரும். வெராபமிலில் அது அதிகம்.

இன்னொரு வேடிக்கை. போடிமெட்டு வளைவுகளில் ஏறும் முன் பலர் வாங்கிப் போடும் பயண வாந்தி மாத்திரைகளில் ஒன்று சின்னரிசின். அதுவும் கால்சியம் சேனலைத் தடுக்கும் மருந்துதான். குமட்டலைத் தரலாம் என்று நாம் சந்தேகிக்கும் குடும்பத்தின் தூரத்து உறவு, குமட்டலை நிறுத்தவும் பயன்படுகிறது.

கடிகாரத்தைப் பாருங்கள்

"மாத்திரை போட்ட அரை மணி நேரத்துல குமட்டுது" என்றால், அம்லோடிபின் மீதான சந்தேகம் குறைய வேண்டும். வாயில் போட்ட அம்லோடிபின் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அரை மணி நேரத்தில் அது பெரிதாக எதையும் செய்ய வாய்ப்பு குறைவு. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் கடுந்தேநீரோடு நாலு மாத்திரையை ஒன்றாக விழுங்கிவிட்டு மலைச்சரிவில் வேலைக்கு ஏறினால், குமட்டுவதற்கு வேறு காரணங்கள் போதும் போதும் என்று இருக்கின்றன.

அடுத்த கணக்குதான் முக்கியம். உடம்பில் இருக்கும் அம்லோடிபின் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் எடுக்கும். ரெண்டு நாள் மாத்திரை போடாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இன்னும் ரத்தத்தில் இருக்கும். வயதானவர்களின் உடல் இதை இன்னும் மெதுவாகவே வெளியேற்றும். ஆகவே "நேத்து நிறுத்தினேன், இன்னைக்கு சரியாயிடுச்சு" என்பது, குமட்டலுக்குக் காரணம் இந்த மாத்திரைதான் என்பதற்கு நல்ல ஆதாரம் அல்ல.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. மருந்து மெல்ல வடிவதால், நிறுத்திய முதல் சில நாட்களில் பிரஷரும் பெரிதாக எகிறாது. தலை சுற்றாது, மயக்கம் வராது. "பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்ற நம்பிக்கை பிறப்பது அந்த இடைவெளியில்தான். அழுத்தம் ஏறிய பிறகும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. குமட்டல் தெரியும், பிரஷர் தெரியாது. தெரிகிற தொல்லைக்காகத் தெரியாத ஆபத்தை வாங்குகிறோம். இந்தியாவில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் சுமார் 12% என்று உலக சுகாதார அமைப்பு சொல்வதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சொல்லாமல் நிறுத்திய மாத்திரைகளும் அதில் அடக்கம்.

எல்லையில் கணக்கு ஏன் குழம்புகிறது?

இடுக்கியின் கிழக்கோரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் கோட்டயம் ஒரு திசை, தேனி இன்னொரு திசை. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் பொள்ளாச்சியும் கோவையும் கைக்கெட்டும் தூரம். அட்டப்பாடியிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு வருவது பழக்கமான பாதை. ஒரே நோயாளி இரண்டு மாநில மருத்துவ அமைப்புகளில் இருப்பது இங்கே அன்றாடம். பதிவேடுகள் மட்டும் எல்லை தாண்டுவதில்லை.

இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேரள அரசு மருந்தகத்தில் அம்லோடிபின் 5 கொடுக்கிறார்கள். நடுவில் நெஞ்சு படபடப்பு என்று தேனியில் ஒரு தனியார் டாக்டரைப் பார்க்கிறார் அம்மா. பழைய சீட்டு கையில் இல்லை. அவர் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதுகிறார். பிராண்ட் பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. இரண்டையும் போடுகிறார். 5 மில்லிகிராம் 10 ஆகிவிட்டது, யாருக்கும் தெரியாமல். கால் வீக்கம், தலைசுற்றல், அதோடு குமட்டல் என்று வந்தால் அது மருந்தின் குற்றமா, சீட்டின் குற்றமா?

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் டாக்டராக இருக்க வேண்டாம். அம்மாவிடம் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் பின்பக்கம் திருப்பிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டாம்லோ, அம்லாங், அம்லோபிரெஸ் என்று பெயர்கள் எத்தனை இருந்தாலும், சின்ன எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். பெயரின் வாலில் 'ஏஎம்' என்றோ 'ஏடி' என்றோ இருந்தால் உள்ளே அம்லோடிபின் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்-அம்லோடிபின் என்று ஒன்றும் இந்தியச் சந்தையில் உண்டு, அதில் 2.5 மில்லிகிராம், சாதாரண அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்து "இது பாதி டோஸ்தானே" என்று இரண்டாகப் போட்டால் கணக்கு தப்பும்.

அடுத்தது மொழி. சித்தூரில் நர்ஸ் "மனம்பிரட்டல் உண்டோ?" என்று கேட்கிறார். மலையாளத்தில் அது குமட்டல். தமிழ்க் காதில் அது மனசு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று பதில் வரும். 'ஓக்கானம்' என்று கேட்டிருந்தால் ஓங்கரிப்பு என்று ஊகித்திருக்கலாம். "காலில் நீரு உண்டோ" என்றால் கால் வீக்கம் இருக்கிறதா என்று பொருள். காலில் தண்ணீர் எதற்கு என்று யோசிப்பவர்களும் இருப்பார்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியில் கடிதம் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஓபி வரிசையில் இரண்டு நிமிடத்தில் நடக்கும் பேச்சுக்கு எந்தச் சட்டம் வந்து மொழிபெயர்க்கும்? அங்கு பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அந்த வேலையைப் போனில் செய்யலாம்.

வேறு யாரைச் சந்தேகிக்கலாம்?

பிரஷரோடு சர்க்கரையும் இருந்தால் முதல் சந்தேகம் மெட்ஃபார்மின் மேல் போக வேண்டும். அதன் மருந்துக் குறிப்பில் குமட்டல், வாந்தி 25.5%, வெற்று மாத்திரையில் 8.3%. நூற்றுக்கு ஒருவர் எங்கே, நூற்றுக்குப் பதினேழு பேர் எங்கே! இரண்டையும் சேர்த்துப் போடும் ஒருவர் குமட்டலுக்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தினால், தவறான ஆளைத் தண்டிக்கிறார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுப்பது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது என்று டாக்டரிடம் வழிகள் இருக்கின்றன.

வெராபமிலும் டிகாக்சினும் ஒன்றாகப் போடுகிறவர் என்றால் விஷயம் அவசரம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது உண்டு. வெராபமில் சேர்ந்த முதல் வாரத்தில் ரத்தத்தில் டிகாக்சின் அளவு 50 முதல் 75% வரை ஏறலாம். டிகாக்சின் அளவு மீறினால் முதலில் வரும் அறிகுறிகளில் குமட்டலும் பசியின்மையும் உண்டு. இந்தக் குமட்டலுக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குமட்டலுக்காக வயிற்று டாக்டரிடம் போய், அல்சர் கிருமிக்கு மருந்து எழுதி வாங்கும்போதும் ஒரு கண் வேண்டும். அந்தத் தொகுப்பில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கலாம். அது கால்சியம் சேனல் பிளாக்கர் உடம்பில் சிதைவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றும். கனடாவின் ஒன்டாரியோ மாகாண முதியோரின் தரவை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரைகளோடு கிளாரித்ரோமைசின் எடுத்தவர்கள், அசித்ரோமைசின் எடுத்தவர்களைவிட அதிகமாகத் திடீர் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தது தெரிந்தது. "பிரஷருக்கு இந்த மாத்திரை போடறேன்" என்று சொல்வது ஒரு வரிதான்.

குமட்டலே மாரடைப்பின் அறிகுறியாகவும் வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி பெரிதாக இல்லாமல் குமட்டல், வியர்வை, மூச்சுத்திணறல் என்று வருவதுண்டு. "மாத்திரை ஒத்துக்கல" என்று படுத்துவிடுவது இந்த நேரத்தில்தான் உயிருக்கு ஆபத்து. திடீரென்று வந்த குமட்டலோடு வியர்த்துக் கொட்டினால், தாடையிலோ தோளிலோ முதுகிலோ வலி பரவினால் 108ஐ அழையுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் எண் ஒன்றுதான்.

சரி, இது மாத்திரையால்தான் என்றால்?

அந்த நூற்றில் ஒருவர் உங்கள் அம்மாவாகவே இருக்கலாம். அப்போதும் தானாக நிறுத்துவதைத் தவிர வழிகள் இருக்கின்றன. அம்லோடிபினை உணவோடு எடுத்தாலும் அது உறிஞ்சப்படுவது குறையாது. ஆகவே சாப்பிட்ட பிறகு போடலாம். நேரத்தை இரவுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்து 2022இல் லான்செட்டில் வெளியான ஆய்வு, பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத் தடுப்பில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. மெலிந்த உடல், முதுமை, கல்லீரல் பாதிப்பு இருந்தால் 2.5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. எதுவும் சரிவராவிட்டால் டெல்மிசார்டான் போன்ற வேறு குடும்பத்து மருந்துகள் இருக்கின்றன. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.

கைவைத்தியத்திலும் ஒரு எச்சரிக்கை. ஏலக்காட்டில் இருப்பவர்கள் ஒரு ஏலக்காயை மென்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் வயிற்று எரிச்சலுக்கு அதிமதுரம் தினமும் எடுப்பது வேறு விஷயம். அது உடம்பில் உப்பைத் தங்க வைத்துப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். தண்ணீரில் போட்டால் பொங்கும் அஜீரண உப்புகளில் சோடியம் அதிகம். பிரஷர்காரர்கள் அடிக்கடி குடிக்கும் பானம் அல்ல அது.

டாக்டரிடம் போகும்போது "ஒத்துக்கல" என்ற ஒரு சொல்லோடு போகாமல், ஒரு வாரத்துக்குக் குறித்து எடுத்துப் போனால் பேச்சு சீக்கிரம் முடியும்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் குமட்டல், அதற்கு முன் என்ன சாப்பிட்டார், அன்று பிரஷர் எவ்வளவு. வீடு வந்து பார்க்கும் ஆஷா பணியாளரிடமும் இதைக் காட்டலாம்.

மருந்தால் வந்த தொல்லை என்று சந்தேகித்தால் நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாக அரசிடம் பதிவு செய்யவும் முடியும். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் ஒருங்கிணைக்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர் கையெழுத்துத் தேவையில்லாத நுகர்வோர் படிவம் தமிழிலும் இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது.